புறங்கைப் புள்ளி விசாரம்

மச்சத்துக்குச் சாஸ்திரம் உண்டு, தேமலுக்கு வைத்தியம் உண்டு. ஆனால் அறுபதைக் கடந்தவர் புறங்கையில் கறள் பிடித்தாற்போல் வந்து குந்திக்கொள்ளும் கபில நிறப் புள்ளியைப் பற்றி நம் முன்னோர் ஒரு சூத்திரமேனும் செய்யாது போயினரே என்று வருந்தி, அக்குறையை நீக்கும்பொருட்டு அடியேன், யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பாவின் கைகளையே மூலநூலாகக் கொண்டு ஆராயலானேன்.

சைவ சித்தாந்திகள் கொள்ளும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று பிரமாணங்களும் இதற்குப் போதும். காட்சியால் அறிந்தது: இடப் புறங்கையில் பதினொன்று, வலப் புறங்கையில் ஒன்பது, அவற்றுட் பெரியது சூடைமீனின் கண்ணளவு. உள்ளங்கையில் ஒன்றுமில்லை. சாரத்தை முழங்காலுக்குச் சற்று மேலே உயர்த்தச் சம்மதித்தார், அங்கும் ஒன்றுமில்லை. அதற்கப்பால் ஆராய்ச்சி அனுமதிக்கப்படவில்லை. இனிக் கருதல்: உள்ளங்கைக்கும் புறங்கைக்கும் பிறந்த தேதி ஒன்றேயாதலால், மூப்பே காரணமாயின் புள்ளி இரண்டிலும் இருந்திருக்க வேண்டும், ஆகவே குற்றவாளி சூரியன். அவனுடைய புறஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கிற் படப்பட, தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் மெலனின் என்னும் பொருளை அங்கங்கே அளவுக்கு மிஞ்சிக் குவித்துவிடுகின்றன. மேனாட்டார் இதனை ஈரலின் கோளாறென எண்ணி ஈரற்புள்ளி என்றே பெயரிட்டு வழங்கினர். ஈரல் பாவம், நிரபராதி.

உரைப் பிரமாணந்தான் என்னைத் திணறடித்தது. "தம்பி, 1990 ஆனியில சண்டையால ஊரைவிட்டு ஓடினனாங்கள். துறைமுகத்தை ஆமி விட்டது 2017 ஆடியில. இருபத்தேழு வருசம் இந்தக் கரை வெயில் எனக்குப் படேல்லை. அப்ப இது என்னத்தால வந்தது?" என்றார். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் மனிதருக்கேயன்றிச் சூரியனுக்கில்லை என்பதும், அகதி முகாமின் தகரக் கொட்டிலுக்கு வெளியேயும் அதே வெயில் நின்றதென்பதும், இளமையிற் குடித்த வெயிலைத் தோல் மறவாது வைத்திருந்து பல ஆண்டுகள் கழித்துக் கணக்குக் காட்டுமென்பதும் என் சமாதானங்கள். அவர் ஏற்றதாகத் தெரியவில்லை.

சிகிச்சைக் காண்டத்தில், பெரியம்மா தேசிக்காயைப் பிழிந்து வலக்கையிற் பூசி அவரை முற்றத்து வெயிலில் இருத்தினார். தேசிச்சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுக்குமென்பது விதி, ஒன்பது பன்னிரண்டாயிற்று. கனடாவிலிருந்து வந்த மருமகள் கொடுத்த வெண்மையாக்கும் களிம்பை, இன்ன சரக்கென்று டப்பாவில் எழுதாமையால், நானே பறித்துக்கொண்டேன். இத்தகையவற்றுட் சில பாதரசம் கலந்து சிறுநீரகத்தைக் கெடுப்பன. வைத்தியர்களோ லேசராற் சுடுவர், அல்லது பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைதரசனைத் தொட்டுவைப்பர். துறையின் ஐஸ்பெட்டி இதற்கு உதவாது, கேட்டுப் பார்த்தேன்.

உண்மையில் இப்புள்ளிகளாற் கேடொன்றுமில்லை. ஆயினும் ஏதேனுமொன்று விரைந்து பெருத்தாலோ, விளிம்பு கோணினாலோ, நிறம் பலவானாலோ, இரத்தம் கசிந்தாலோ அது புள்ளியல்ல. அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுக.

புதிய புள்ளி வாராதிருக்கப் பெரியப்பாவுக்கு அகன்ற பனையோலைத் தொப்பியொன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் இப்போது வெங்காயம் கிடக்கிறது.