அரை மூட்டை இயல்: ரிவர்ஸ்டன் சரிவுகளில் உரப்பையைத் திறத்தலும் குறைத்தலும்

உரப்பை என்பது 50 கிலோ உரம், அதைச் சுற்றிய பின்னல் பாலிப்ரொப்பிலீன் உறை, உறைக்குள் ஒரு பொலித்தீன் உள்பை, வாயில் ஒரு தையல் ஆகிய நான்கும் சேர்ந்த பொருள். இந்த வரையறை கடை வாசல் வரைக்கும்தான் செல்லும். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலையேறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவல, இலுக்கும்புற பக்கம் இறங்கும் பாதையில் ஏதோ ஒரு வீட்டை அந்தப் பை அடைந்து, தையல் பிரிந்து, முதல் வாளி அள்ளப்பட்டதும் அது வேறு பொருளாகிவிடுகிறது. உர நூல்கள் பேசுவதெல்லாம் முழு மூட்டையைப் பற்றி. விவசாயி குடித்தனம் நடத்துவதோ அரை மூட்டையோடு.

அரை மூட்டை தோன்றுவதற்குக் காரணம் கணக்கு. மலைச்சரிவின் படிவயலோ காய்கறிப் பாத்தியோ கால் ஏக்கரைத் தாண்டுவது அரிது. ஒரு தவணைக்கு ஏக்கருக்கு 20 கிலோ யூரியா என்று வைத்துக்கொண்டால், 40 பேர்ச்சஸ் நிலத்துக்கு 5 கிலோ போதும். ஆக ஒரு மூட்டை பத்து முறை திறக்கப்படுகிறது, ஒன்பது முறை மூடப்படுகிறது. பத்தாவது முறை மூட எதுவும் மிஞ்சுவதில்லை.

எடையைப் பற்றி உலகம் ஒருமித்துப் பேசவில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்கிறது. அதன்படி உரப்பை 5 கிலோ வித்தியாசத்தில் தப்பிக்கிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1991இல் திருத்திய சூத்திரமோ, தரை சமமாக, பிடி நன்றாக, சுமை உடம்பை ஒட்டி இருந்தால்கூட 23 கிலோதான் என்கிறது. இங்கே ஆய்வாளர் கவனிக்கவேண்டிய ஒரு பொருத்தம் உண்டு. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம், அதாவது 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நைதரசனை மட்டும் தனியே சுமக்க முடிந்திருந்தால் சூத்திரம் இம்மியும் பிசகாமல் நிறைவேறியிருக்கும். மிச்சம் 27 கிலோ கார்பன், ஒட்சிசன், ஐதரசன். இவை காற்றிலும் தண்ணீரிலும் இலவசமாகக் கிடைப்பவை. இருந்தும் காசு கொடுத்து வாங்கி மலையேற்றப்படுகின்றன.

லான்ட்மாஸ்டரோ முச்சக்கர வண்டியோ போகும் எல்லை வரை பை தானே வரும். அதற்குமேல் சும்மாடும் தலையும்தான். முழு மூட்டையைத் தலைக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஏறியபின் அது தொந்தரவு செய்யாது. உள்ளே இடமில்லாததால் உரம் அசைவதில்லை. 25 கிலோ அரை மூட்டையின் குணம் இதற்கு நேர்மாறு. தூக்க ஒருவர் போதும், ஆனால் சுமப்பவர் ஒரு படி இறங்கினால் உள்ளிருக்கும் உரமும் ஒரு பக்கம் இறங்குகிறது. அவர் நிமிர்வதற்குள் அது மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. எடை பாதியாகக் குறைந்தும் வசவு இரட்டிப்பாவது இதனால்தான். கழுத்தைப் பிடித்து முறுக்கி, காற்றை வெளியேற்றி, உரத்தை இறுக்கிக் கட்டுவது ஒரு பரிகாரம். இரண்டு பைகளாகப் பிரித்துக் கைக்கொன்றாக எடுப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்லாதவர் இல்லை. செய்பவரைக் காண்பதுதான் கடினம்.

திறக்கும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. கத்திப் பள்ளியார் மூலையை அறுப்பர். வேலை உடனே முடியும். ஆனால் உள்பையும் சேர்ந்து அறுபடும், உறையும் பின்னால் எதற்கும் உதவாது. நூல் பள்ளியார் தையலைப் பிரிப்பர். அது சங்கிலித் தையல். தைத்து முடித்த முனையைக் கண்டு நூலை விடுவித்து இழுத்தால் முழு வாயும் ஒரே இழுப்பில் திறந்துகொள்ளும். தொடங்கிய முனையைப் பிடித்து இழுத்தால் கண்ணிக்குக் கண்ணி இறுகும். எந்த முனை எது என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு எழுவதுண்டு. அவ்வேளைகளில் நூல் பள்ளியார் பலர் கட்சி மாறிக் கத்தியைத் தேடுகிறார்கள்.

குறைத்தலில் அள்ளுதலே உத்தமம், சாய்த்தல் அதமம். யூரியா மணிகள் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் தங்கி நிற்பவை. பையை அதற்குக் குறைவாகச் சாய்த்தால் ஒன்றும் வராது, சற்றே மிஞ்சினால் எல்லாம் வரும். 5 கிலோவுக்கு என்று ஒரு கோணம் இயற்கையில் கிடையாது. சிரட்டையோ பால்மா டின்னோ போட்டு அள்ளினால் அளவும் கிடைக்கும், தரையும் தப்பும். சிந்திய யூரியாவை மாடு நக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதைச் சிக்கன விஷயமாக மட்டும் பார்க்கலாகாது. டொலமைட் தூளுக்குச் சட்டம் வேறு. ரிவர்ஸ்டன் காற்றை அனுபவிப்பதற்கென்றே கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வருகிறார்கள். அந்தக் காற்றுக்கு முகம் காட்டி நின்று டொலமைட் பையைத் திறப்பவர், நிலத்துக்கு முன் தமக்கே இட்டுக்கொள்கிறார்.

மூடுதல்தான் இவ்வியலின் உயிர்நிலை. 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும். மூடுபனி இறங்கும் ரிவர்ஸ்டன் பக்கத்தில் இந்த எல்லை தினமும் தாண்டப்படுகிறது. திறந்து கிடக்கும் பை முதலில் ஈரமாகும், வெயில் கண்டதும் கட்டியாகும், அடுத்த தவணைக்குள் கல்லாகும். கல்லானதைத் தரையில் தூக்கிப் போட்டு உடைப்பதே நடைமுறை. உள்பையைத் தனியே முறுக்கி, மடக்கி, சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டி, பிறகே உறையைக் கட்டவேண்டும். அநேகர் உறையை மட்டும் கட்டி உள்பையை அப்படியே விடுகிறார்கள். பின்னல் உறை ஈரத்தைத் தடுக்காது. அது கட்டப்பட்டிருப்பது மனத்திருப்திக்கு. பை தரையைத் தொடாமல் பலகை மேலும், சுவரைத் தொடாமல் சற்றுத் தள்ளியும் இருக்கவேண்டும் என்பது விதி. லயத்துக் காம்பராவில் சுவரைத் தொடாமல் மனிதருக்கே இடமில்லை என்பது விதி எழுதியவர்களுக்கு எட்டவில்லை.

மிச்சங்களை ஒன்றாக்கும் ஆசையும் ஆராயத்தக்கது. அரைப் பை யூரியாவும் டி.எஸ்.பி. என்னும் சுப்பர் பொஸ்பேற்று அரைப் பையும் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் கொட்டினால் என்ன என்று தோன்றும். சுப்பர் பொஸ்பேற்றில் அடங்கியிருக்கும் நீரை யூரியா வெளியேற்றிவிடும். சில நாளில் முழுப் பை சேறு கிடைக்கும்.

அரை மூட்டையின் மதிப்பு ஒரே நிலையில் இருந்ததில்லை. நெற்செய்கைக்கு 2005இல் மூட்டை 350 ரூபாய் என்ற மானியம் வந்தபோது, மூலையில் கட்டியாய்க் கிடந்த மிச்சத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, நவம்பரில் தடை நீங்கி, 2022இல் இந்தியக் கடனுதவியில் வந்த யூரியா மூட்டை 10,000 ரூபாய்க்கு விற்றபோது, அதே கட்டி சுத்தியலால் உடைத்துச் சலிக்கப்பட்டது. இந்திய அரசு 2018இல் யூரியா மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 ஆக்கியதும் இவ்விடத்தில் பொருந்தும். விவசாயி கிலோவை எண்ணுவதில்லை, மூட்டையையே எண்ணுகிறார். மூட்டை சிறுத்தால் உரப் பாவனையும் தானே குறையும் என்பது அதன் வாதம். அரசாங்கமே ஐந்து கிலோவை முன்கூட்டி அள்ளிவிட்ட அரை மூட்டை என்று அதை வகைப்படுத்துவதே முறை.

கடைசிக் கைப்பிடி உள்பையின் இரு மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். பையைப் புரட்டி உதறியும் வராததைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து வாழைக்கு விடுவர். யூரியா கரைகையில் வெப்பத்தை உறிஞ்சுவதால் அந்தத் தண்ணீர் கையில் சில்லென்று படும். பிறகு உறை மழைக்குக் கொங்காணியாகும், வாசலில் மிதியடியாகும், வேலி ஓட்டையை அடைக்கும். நன்றாகக் கழுவாமல் உணவுப்பொருளுக்குப் பயன்படுத்தலாகாது என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வார்கள். எழுத்து மட்டும் எத்தனை முறை கழுவினாலும் லேசில் போவதில்லை. எனவே அதில் கட்டி மாத்தளைக்கு இறங்கும் மிளகு, 46 சதவீதம் நைதரசன் என்ற உத்தரவாதத்தோடு தராசில் ஏறுகிறது.