எட்டுக்காலாருக்கு வாய்த்த வள்ளல்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். இந்த இருவரையும் சொல்லிச் சொல்லியே நம் புலவர் பரம்பரை ஈராயிரம் ஆண்டைக் கழித்துவிட்டது. இருவரும் தூக்கிக் கொடுத்தது அவரவர் சொந்தப் பொருள் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சொந்தப் பொருளைக் கொடுக்க யாரால்தான் முடியாது? கோதையாறும் பறளியாறும் வளைத்தோடும் திருவட்டாற்றில், ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு வாடகை மாடிவீட்டில் எழுந்தருளியிருக்கும் எங்கள் பெருந்தகை அந்த எளிய வழியை நாடவில்லை. டாரண்டுலா என்னும் பெருஞ்சிலந்தி இனத்துக்கு அவர் ஈந்தது தம் மனைவியின் அடுக்களை டப்பாக்களை. அடுத்து அந்த அம்மையாரின் அலமாரியை. அதற்கும் அடுத்து அவருடைய உறக்கத்தை. கொடைமடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த டப்பாக்களை அருகிருந்து தரிசிக்கும் பேறு எனக்கு வாய்த்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூடிகளில் வட்டம் வட்டமாகத் துளையிட்டிருக்கிறார். உருகிய பிளாஸ்டிக் கறுத்துச் சுருண்டு ஒவ்வொரு துளைக்கும் ஓர் அணிவிளிம்பு கட்டியிருக்கிறது. உள்ளே ஈரம் தெளித்த தேங்காய்நார்த் தூள், சாய்த்து வைத்த மரப்பட்டைத் துண்டு ஒன்று, சோடாமூடியில் தண்ணீர். வெளியே ‘கடலை மாவு’ என்று அம்மையார் தம் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு. அதற்குப் பின்னால், மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட செம்முழங்கால் சிலந்தியார் எட்டுக் கால்களையும் பரப்பிக் கொலுவீற்றிருக்கிறார். அந்தச் சீட்டைக் கிழிக்காமல் விட்ட நயத்தை என்னென்பேன்! மனைவியின் கையெழுத்தை இவ்வளவு கருத்தாகப் பேணும் கணவர் இந்தத் தாலுகாவில் வேறெவரும் இலர்.

ஒரு வீட்டில் இருவர் வாழும்போது எத்தனை சிலந்தி வளர்க்கலாம்? அற்பர்கள் இதை இருவருமாக உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். பெருந்தகையோ அம்மையாருக்கு அந்தச் சிரமத்தை வைக்கவே இல்லை. இருவர் சுமக்க வேண்டிய முடிவைத் தாம் ஒருவராகவே சுமந்தார். முடிவெடுத்த பிறகு மனைவிக்கு முறையாகத் தெரிவிக்கவும் தவறியதில்லை; தெரிவிக்கும் பணியை மட்டும் கூரியர்காரரிடம் விட்டிருந்தார். ஒருநாள் கையொப்பமிட்டு வாங்கிய பெட்டியோடு அம்மையார் கேட்டாராம்:

“இது எத்தனாவது?”

“ஒண்ணுதாம் பிள்ளே.”

“போன வாரமும் ஒண்ணுன்னுதான சொன்னிய?”

“அது போன வாரத்துள்ள ஒண்ணு. இது இந்த வாரத்துள்ள ஒண்ணு, கேட்டியா?”

கணித மேதை ராமானுஜத்துக்கும் எட்டாத கணக்கு இது. அதன் சூத்திரங்களை அவரே எனக்கு உபதேசித்தருளினார். குஞ்சுகள் எண்ணிக்கையில் சேரா. எல்லாம் பிழைக்கும் என்று என்ன நிச்சயம்? ஆண்களும் சேரா, பருவம் எய்தியபின் அவற்றின் ஆயுள் சொற்பம். தோலுரிக்க மல்லாந்து கிடப்பவை அந்த வேளையில் உயிருள்ளவை போலவே தோன்றாததால் அவையும் சேரா. நண்பர் ஒருவர் வெளிநாடு போகுமுன் ஒப்படைத்தவை நண்பருடைய கணக்கு. முட்டைப்பை என்பது ஒரு பை. அதிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிவந்தாலும் அவை குஞ்சுகள், ஆகவே முதல் சூத்திரம். இப்படிக் கழித்துக் கழித்து, சுவரை மறைத்து நிற்கும் அடுக்குகளிலிருந்து ‘ஒண்ணு’ என்னும் திருவெண்ணிக்கையை அவர் வந்தடையும் அழகைக் கண்டு என் கண்கள் பனித்தன.

பெண் டாரண்டுலாக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி, இருபது ஆண்டு என்றதும் கணவன் மனைவி இருவரின் கையெழுத்தையும் கேட்டு நிற்பதுண்டு. மனிதர்மேல் எவ்வளவு அவநம்பிக்கை! பெருந்தகைக்குத் தம் ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

அம்மையார் ஒருமுறை சற்றே முகம் சுருக்கியபோது பெருந்தகை ஊர்ப் பெருமாளையே சாட்சிக்கு அழைத்தார். “பெருமாளு பாம்புமேல கெடக்காரு. மரகதவல்லித் தாயாரு ஒரு வார்த்தை சொல்லியிருக்காளா?” என்றார். “அவருக்கு ஒரு பாம்புதான” என்றாராம் அம்மையார். பக்தி போதாத பேச்சு. ஆனால் உண்மையும் அதுதான். மூன்று வாசல் வழியே பார்த்தால்தான் முழுதும் தெரியும் இருபத்திரண்டு அடித் திருமேனி; 418 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்ட கோவில்; அத்தனை நூற்றாண்டிலும் அரவணை ஒன்றாகவே நின்றுவிட்டது. பெருமாளுக்குச் சேகரிப்பு ரசனை சற்றுக் குறைவு என்று பெருந்தகை கருதுகிறார். அடக்கத்தால் வெளியே சொல்வதில்லை.

இல்லத்தை அவர் செம்மைப்படுத்திய விதம் தனிக் காவியத்துக்கு உரியது. சிலந்தியார் செவியால் கேட்பவர் அல்லர். தரையின் அதிர்வைக் கால் மயிர்களால் உணர்பவர். எனவே மிக்சி ஓசை அந்த வீட்டில் அடங்கியது. தீயலுக்குத் தேங்காய் வறுத்து அரைக்க அம்மையார் கீழ்வீட்டு மாமியின் அடுக்களைக்கு இறங்கிப் போகிறார். இதனால் அண்டை உறவு வலுப்பட்டது. பூச்சிமருந்து சிலந்திக்கும் நஞ்சு. எனவே கொசுவத்தி, கொசுமருந்து யாவும் விலக்கப்பட்டன. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். பால் வடியும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, அங்கே பிறக்கும் கொசுக்குலம் இப்போது அந்த வீட்டுக்கு அழையா விருந்தாக வருகிறது. விருந்தோம்பலில் அம்மையாரின் குருதி செலவாகிறது என்றாலும் புகழ் இல்லத் தலைவருக்கே.

எல்லாவற்றுக்கும் சிகரம் கரப்பான் பண்ணை. திருமணமான புதிதில், அடுக்களையில் ஒரு கரப்பான் ஓடியதற்காகக் குடும்பப் பெண்ணின் இலக்கணம் பற்றி ஒரு சாயங்காலம் முழுவதும் அம்மையாருக்கு உரை நிகழ்த்தியவர் பெருந்தகை. அதே கரத்தால் தென்னமெரிக்கக் கரப்பான் இனமொன்றை வரவழைத்து, முட்டை அடுக்கும் அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திய பிளாஸ்டிக் தொட்டியில் குடியேற்றி, கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். சிலந்தியாருக்கு வாரம் ஒருமுறை அமுது படைக்க வேண்டுமல்லவா? இரவில் விளக்கணைந்ததும் அட்டைமேல் நூற்றுக்கணக்கான கால்கள் ஊரும் மெல்லிய சரசரப்பு எழும். தாலாட்டு என்கிறார் அவர். அந்தக் கரப்பான்களுக்குக் காலையில் கேரட் நறுக்கிப் போடும் திருப்பணியை அம்மையாருக்கே வழங்கியிருக்கிறார். பொழுதுபோக்கில் மனைவிக்குப் பங்கு தருவதில்லை என்று இனி எவரும் குறைகூற இயலாது.

இத்தகைய சான்றோர் நம் நாட்டில் அவர் ஒருவரே என்று எண்ணிவிடக் கூடாது. 2021 ஜூலையில் சென்னைச் சுங்கத் துறையினர் போலந்திலிருந்து வந்த ஓர் அஞ்சல் பொதியைப் பிரித்தார்கள். அருப்புக்கோட்டை முகவரி. தெர்மோகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக 107 உயிருள்ள சிலந்திகள். நூற்றெட்டுக்கு ஒன்று குறைவு என்ற அந்தத் தன்னடக்கத்தை எண்ணி எண்ணிப் பெருந்தகை உருகுகிறார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தாரும் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் வந்து பார்த்து, நடு அமெரிக்காவையும் மெக்சிகோவையும் சேர்ந்த, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடுள்ள இனங்களாக இருக்கலாம் என்றார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, நலச் சான்றிதழ் இல்லை என்ற அற்பக் காரணங்களுக்காக 107 பேரையும் போலந்துக்கே திருப்பியனுப்பிவிட்டார்கள். கலையுணர்ச்சி அற்ற அரசாங்கம்! 2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமா விமான நிலையத்தில் 320 டாரண்டுலாக்களைத் தம் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நின்ற பயணியும் இதே அரும்பெரும் மரபினர்தாம். அவர் தம் வயிற்றில் கட்டினார், நம்மவர் தம் மனைவியின் வயிற்றில் புளியைக் கரைத்தார். மற்றபடி வேற்றுமை இல்லை.

சட்டம் என்னும் முட்டுக்கட்டையும் இடையில் வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொய்சிலோதீரியா என்னும் மரச்சிலந்திப் பேரினம் முழுவதையும் 2019-இல் சைட்ஸ் என்னும் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2022-இல் நம் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, சைட்ஸ் பட்டியல் உயிர்களுக்கென்று தனி அட்டவணை வைத்தார்கள். 2024-இல் விதி வகுத்து, அப்படிப்பட்ட அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் எத்தனை என்று சொல்லிப் பதியவேண்டும் என்றார்கள். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் அனைத்தையும் தெரிவிக்கவேண்டுமாம். ஆக, அம்மையார் கேட்ட அதே கேள்வியை ஒன்றிய அரசும் கேட்டது. பெருந்தகை இருவருக்கும் ஒரே விடையைத் தந்தார். மனைவி என்று தாழ்த்தவும் இல்லை, அரசு என்று உயர்த்தவும் இல்லை. இந்தச் சமநோக்கு முனிவர்க்கும் அரிது.

சிலந்திகள்மேல் அவருக்குள்ள அன்பின் ஆழத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஆந்திரத்தின் கூட்டி என்னும் ரயிலடி ஊரில் 1899-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நீலச்சிலந்தி, ஒரு நூற்றாண்டு எவர் கண்ணிலும் படாமல் இருந்து, 2001-இல் அதே மாநிலத்துக் காடொன்றில் மறுபடி அகப்பட்டது. காடு சுருங்கிச் சுருங்கி இப்போது அது முற்றும் அருகிய நிலையில் இருக்கிறது. இராமேசுவரத்து அனுமன் கோவிற்சோலை ஒன்றின் பெயரைச் சூடிய இன்னொரு சிலந்திக்கும் 2004-இல்தான் அறிவியற்பெயர் கிடைத்தது. கிடைத்ததும் அதற்கும் அதே கதி. இந்தச் செய்திகளைப் படித்தபோது பெருந்தகை கண்ணீர் விட்டார். காட்டில் மிச்சம் சில என்றால் விலை ஏறிவிடும் அல்லவா? உடனே கைப்பேசியை எடுத்து முன்பணம் அனுப்பினார்.

மரத்துளையில் பதுங்கி வாழும் அந்த மரபினர் ஒருவர் சென்ற ஆடி மழையில் வற்றல் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டு உலாப் போய்விட்டார். பதற்றம் என்பதையே அறியாத பெருந்தகை அம்மையாரைத் தேற்றிய சொற்கள் பொன்னேட்டில் பொறிக்கத் தக்கவை: “வீட்டுக்குள்ளதாம் இருக்கும். எங்க போயிரப்போவுது? கடிச்சாலும் சாவ மாட்ட.” அதிலும் பொய்யில்லை. அந்த இனம் கடித்து எவரும் இறந்ததாகப் பதிவில்லை. கடுமையான வலி, நாட்கணக்கில் விடாத தசைப்பிடிப்பு, அவ்வளவுதான். அம்மையார் அன்றிரவு நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்தபடி விழித்திருந்தார். பெருந்தகையும் விழித்தேதான் இருந்தார், தேசாடனம் போன செல்வம் கட்டிலிலிருந்து தவறி விழுந்து வயிறு பிளந்துவிடுமோ என்ற கவலையில். உயரத்திலிருந்து விழுந்தால் டாரண்டுலாவின் வயிறு தாங்காது. பரிவில் இது உச்சம்.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. மயிலுக்குப் போர்வை தந்த அந்தப் பேகன், மனைவி கண்ணகியை அழவிட்டுப் பிரிந்திருந்தான். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் ஒருவர்பின் ஒருவராகப் போய், பொன்னும் பொருளும் வேண்டாம், வீட்டுக்குப் போ என்று பாடினார்கள். ஒரு வள்ளலின் சொந்த விவகாரத்தில் மூக்கை நுழைப்பது என்ன நாகரிகம்? நான் அப்படிப்பட்ட புலவன் அல்லன். அவர் வீட்டுச் சாயாவைக் குடித்தேன், வாழ்த்தினேன், வந்துவிட்டேன்.

சிலந்தியாரிடமும் ஒரு குறை உண்டு. புகழ்வதாயினும் நடுநிலை வேண்டுமே. ஒரு பெட்டிக்குள் இன்னொருவரை அவர் பொறுக்கமாட்டார். இணைசேர வந்த ஆணைக்கூடப் பெண் சில வேளைகளில் விழுங்கிவிடும். ஆகவே பெட்டிக்கு ஒருவர் என்பது வளர்ப்போர் பெரும்பாலோர் ஏற்ற நெறி. சென்ற மாதம் அம்மையார் குலசேகரத்தில் தம் தாய்வீட்டுக்குப் போனதை ஊரார் பலவாறு பேசினாலும், அந்த நெறியை வீட்டளவுக்கு விரித்த முதல் மேதை என்றே நான் பெருந்தகையை வணங்குகிறேன். புடவை அலமாரியில் ஐந்து தட்டுகள் காலியாயின. மறுநாளே ஐந்தும் நிறைந்தன.

ஆனாலும் அவர் கல்நெஞ்சர் அல்லர். ஓணத்துக்குள் மகளை அனுப்பிவைக்கும்படி மாமனாருக்கு உருக்கமாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். கரப்பான்களுக்குக் கேரட் நறுக்க ஆளில்லையாம்.