அறுபது நிமிடமும் பத்து கோடியும்

பாட்டுச் செயலிகளில் எது உசத்தி என்று என் மகனிடம் கேட்டால் அட்டவணையே போட்டுக் காட்டுவான். ஒன்றில் ஒலித்தரம் அதிகம், இன்னொன்றில் சந்தா குறைவு, மூன்றாவது நம் மனசறிந்து பாட்டு எடுத்துப் போடும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் இரண்டுமே பத்து கோடிப் பாட்டுக்கு மேல் வைத்திருப்பதாகச் சொல்கின்றன. அதில் நான் கேட்பது நாற்பதோ ஐம்பதோ. அந்த ஐம்பதும் அநேகமாக எல்லாக் கடையிலும் கிடைக்கிற சரக்குதான். ஆனாலும் எங்கள் குடும்பம் அவ்வப்போது ஒரு செயலியைக் காலி செய்துகொண்டு இன்னொன்றுக்குக் குடிபோகிறது. கடைசியாகப் போனதற்குக் காரணம் ஃபேமிலி பிளான். "ஆறு பேர் கேட்கலாம்ப்பா" என்றான். நாங்கள் இருப்பதே நாலு பேர். மிச்ச இரண்டு இடத்துக்கு மச்சினனையும் அவன் மனைவியையும் சேர்க்கலாமென்றால், எல்லாரும் ஒரே முகவரியில் குடியிருக்க வேண்டுமாம். கூட்டுக்குடும்பத்தை நாமே கைகழுவிவிட்ட பிறகு, பாட்டுக் கம்பெனிக்காரன் வந்து அதைத் திரும்ப ஒட்டவைக்கப் பார்க்கிறான்.

எண்பதுகளின் கடைசியில், திருநெல்வேலி ஜங்ஷனில், எனக்கிருந்த ஒரே இசைச் சேவை மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டர். சுவர் நிறைய எல்.பி. ரெக்கார்டுகள். பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் விளக்குகளோடு ஒரு ஈக்வலைசர். நடுவில் அண்ணாச்சி. காலி கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் நாலைந்து நாளில் பதிவு செய்து தருவார். லிஸ்ட்டை வாங்கியதும் பேனாவை எடுத்து எண்ணுவார்.

"ஏ தம்பி, பதினஞ்சு பாட்டு எழுதிருக்கியளே. அறுபதுல பன்னெண்டுதான நிக்கும்? மூணத் தூக்கிருங்க."

"தொண்ணூறு கேசட்டுல போட்டுருங்க அண்ணாச்சி."

"தொண்ணூறு டேப்பு நைசு. ஒங்க வீட்டு டேப்ரிக்கார்டரு முழுங்கிரும்."

அவர் சொன்னது உண்மை. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் நாடா மெல்லிசு, சீக்கிரம் சிக்கும். ஆகவே பக்கத்துக்கு முப்பது நிமிடம், பக்கத்துக்கு ஆறு பாட்டு. எந்த மூன்றை வெட்டுவது என்று கவுண்டரில் நின்றபடியே யோசிக்க வேண்டும். பின்னாலிருப்பவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அத எடுத்துராதீங்க, நல்ல பாட்டு" என்பார். இசை ரசனை என்று எனக்கு ஏதாவது இருக்குமானால் அது அந்த மூன்று பாட்டை வெட்டிய இடத்தில் வந்ததுதான். இன்று வெட்ட வேண்டியதேயில்லை. பிடித்ததும் இருக்கலாம், பிடிக்காததும் இருக்கலாம், கேட்காமலே ஆயிரம் பாட்டு இருக்கலாம். மகளின் பட்டியல் ஒன்றில் எண்ணூறுக்கு மேல் கிடக்கின்றன. அதில் எது பிடிக்கும் என்று கேட்டால், "ஷஃபிள்ல போடுவேன்ப்பா" என்கிறாள்.

பக்கத்தின் கடைசியில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மிஞ்சும். அதை அண்ணாச்சி சும்மா விடமாட்டார். லிஸ்ட்டில் இல்லாத ஒன்றைத் தன் விருப்பத்துக்குப் போட்டு, "இடங் கெடந்துச்சு, ஒண்ணு போட்டுவிட்டேன், கேட்டுப் பாருங்க" என்பார். அது சரணத்தின் நடுவில் 'டக்'கென்று அறுந்துவிடும். மீதியைக் கேட்க வேண்டுமானால் அடுத்த கேசட்டில் அந்தப் பாட்டை முழுசாக எழுதிக்கொடுக்க வேண்டும். என் ரசனையை ஆராய்ந்து பரிந்துரைப்பதாகச் சொல்லும் இன்றைய கணக்கு இயந்திரங்கள் எதுவும் இவ்வளவு கச்சிதமாக வியாபாரம் செய்து நான் பார்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சி செய்த தொழில் சட்டப்படி தப்பு. பதிப்புரிமைச் சட்டம் 1957லிருந்தே இருக்கிறது. ஜங்ஷனில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை; கடைக்குப் பெரிய எழுத்தில் போர்டே வைத்திருந்தார். இசையமைப்பாளருக்கோ பாடகருக்கோ என் பன்னிரண்டு பாட்டிலிருந்து காலணா போயிருக்காது. ஆனால் கேசட் கைக்கு வந்ததும் அதன் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளைக் கிள்ளி எறிந்துவிடுவேன். அதற்கு மேல் யாரும் அதில் வேறெதையும் பதிய முடியாது. பத்திரம் பதிந்த மாதிரி. படிப்பு முடிந்து மெட்ராஸுக்கு வந்தபோது கேசட்டுகளும் மஞ்சள் பையில் கூடவே வந்தன. மாம்பலத்தில் வேறொரு ரெக்கார்டிங் சென்டருக்கு மாறினேன். பழைய கடைக்காரர் அனுமதி வேண்டியிருக்கவில்லை. பாட்டு எதுவும் வழியில் காணாமல் போகவுமில்லை. இன்று மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டுகிறேன், எவனையும் ஏமாற்றவில்லை. ஒரு பாட்டுகூட என்னுடையதில்லை.

நடுவில் ரிச்சி தெருவில் ஒரே சிடியில் நூற்றைம்பது எம்பி3 பாட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு. அதைப்பற்றி யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

இப்போது குடிமாறுவதற்கென்றே தனிக் கருவிகள் வந்துவிட்டன. சவுண்டீஸ், டியூன் மை மியூசிக் என்று பெயர்கள். பழைய செயலியிலுள்ள பட்டியலைப் படித்து, பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், சில சமயம் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்குமான, எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு இடக் குறியீடு, இவற்றை வைத்துப் புதிய செயலியில் அதே பாட்டைத் தேடிப் போடும். ஆங்கிலப் பாட்டென்றால் பெரும்பாலும் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் பாட்டில்தான் சங்கடம். ஒரே பாட்டு படத்தின் பெயரில் ஒரு ஆல்பத்திலும், 'மறக்க முடியாத மெலடிகள்' வகையறாத் தொகுப்புகள் பத்திலும் இருக்கும். ஓரிடத்தில் கலைஞர் என்பது பாடகர், இன்னோரிடத்தில் இசையமைப்பாளர். இளையராஜா பெயரையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கருவி என்ன செய்யும்? கையில் அகப்பட்டதைப் போட்டுவிட்டு 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று பச்சை நிறத்தில் காட்டும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தின் இடத்தில், மழைச் சத்தமும் மெத்தென்ற கிடாரும் சேர்த்து யாரோ தூங்கி வழிந்தபடி பாடியது கேட்டது. லோஃபியாம். விளக்கேற்ற வந்த என் மனைவி நின்று கேட்டுவிட்டு, "இது முருகனுக்கே அடையாளம் தெரியாதே" என்றாள். டி.எம்.எஸ். பாட்டு இரண்டு கரோக்கியாக வந்து சேர்ந்திருந்தன. இசை மட்டும் ஒலிக்கும், பாடுவது நம் பொறுப்பு. கர்நாடகக் கச்சேரி ஒன்றைத் துண்டுதுண்டாக வைத்திருக்கிறார்கள். யாரோ ஷஃபிளை அழுத்தியிருக்க, தனி ஆவர்த்தனம் முதலில் வந்தது, அதற்கான கீர்த்தனை அப்புறம், ராக ஆலாபனை எல்லாவற்றுக்கும் கடைசியில். மங்களம் மூன்றாவதாக வந்துபோயிருந்தது.

பட்டியலாவது ஒருவிதமாக வந்துவிடுகிறது. எத்தனை வருஷம், எதை எத்தனை தடவை கேட்டோம் என்ற நினைவு பழைய கடையிலேயே தங்கிவிடும். புதுச் செயலி, 'உங்களுக்குப் பிடித்த மூன்று கலைஞர்களைத் தேர்ந்தெடுங்கள்' என்று முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கும். போனில் இறக்கி வைத்த பாட்டுகளும் அப்படித்தான். சந்தா நின்றால் அவை பூட்டிக்கொள்ளும்.

நாம் கடை மாறாமல் இருந்தாலும் கடை மாறும். கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவை விட்டுப் போனது. அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது. 2019இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த வேகத்தில் சரிகம நிறுவனத்தோடு வழக்கு வந்து, அந்த நிறுவனத்தின் பழைய எச்.எம்.வி. கிடங்குப் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து இறங்கின. 2020இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்ப ஏறின. சரிகமவே 2017இல் பாட்டியின் ரேடியோ போன்ற தோற்றத்தில் 'கார்வான்' என்ற பெட்டியைக் கொண்டுவந்து, உள்ளே ஐயாயிரம் பாட்டுகளை அடைத்து விற்றது. நெட் வேண்டாம், சந்தா வேண்டாம், தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். சிரிக்காதீர்கள், நன்றாக விற்றது.

ஒலித்தரம் பற்றி மகனோடு வாதாடுவதை நிறுத்திவிட்டேன். இழப்பில்லாத ஒலி என்று ஆப்பிள் 2021இல் கொடுத்ததை ஸ்பாட்டிஃபை 2025இல்தான் கொடுத்தது. அதற்காகவே ஒருமுறை மாற வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். கேட்பதென்னவோ ப்ளூடூத் இயர்பட்ஸில். அது காதுக்கு அனுப்புமுன் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அண்ணாச்சி ஒரு பொடி ஸ்க்ரூடிரைவரால் டேப்ரிக்கார்டரின் ஹெட்டைக் கால் திருகு திருகினால் வித்தியாசம் தெருமுனை வரை கேட்கும்.

என்னைக் கேட்டால், இந்தச் செயலிகளுக்குள் பெரிய வித்தியாசம் ஏதுமில்லை. இருந்தும் மாறத்தான் போகிறீர்கள் என்றால், பழையதை நிறுத்துமுன் உங்களுடைய வில்லங்கமான பத்துப் பாட்டைப் புதியதில் தேடிப் பாருங்கள்: ஒரு கவசம், ஒரு முழுக் கச்சேரி, யாருக்கும் தெரியாத ஒரு படத்தின் பாட்டு. அவை கிடைத்தால் மற்றவையும் கிடைக்கும். இன்னொன்று: போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தா நிற்காது. அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்; யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் அதையும் பாருங்கள்.