காலையில் ஸ்ரீவில்லி, மாலையில் ராஜபாளையம்

கே: கூட்டாளிகள் ஐந்து பேர், கையில் ஒரே ஒரு நாள். ஸ்ரீவில்லிபுத்தூரா, ராஜபாளையமா?
– சென்னை வாசகர்

ப: ரெண்டும்தான். இடையில் சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிடலாம். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் முதலில் ஆண்டாள், அப்புறம் ராஜபாளையம்.

கே: பார்க்க வேண்டிய இடங்கள் என்று 14 எழுதி வைத்திருக்கிறோம். ஒரு நாளில் முடியுமா?
– மதுரை வாசகி

ப: பத்தை அடித்துவிடுங்கள். மிச்ச நாலில் வேலை செய்கிற கைகளைப் பாருங்கள். ஆண்டாளின் இடக்கையில் இருக்கிற கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையில் சிறகு, மாதுளம்பூவில் அலகு. நேற்றுச் செய்த கிளி இன்றைக்கு ஆகாது. அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள். இங்கே கட்டுகிற மாலையோ புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்குப் போகிறது, சித்திரையில் மதுரைக்குக் கள்ளழகரிடம் போகிறது. அவசரமாகக் கும்பிட்டுவிட்டு ஓடினால் இதெல்லாம் கண்ணில் படாது.

கே: ராஜகோபுரத்தோடு ஐந்து பேரும் செல்ஃபி எடுக்க முடியுமா?
– விருதுநகர் வாசகர்

ப: 11 நிலை, 192 அடி. பக்கத்தில் நின்றால் உங்கள் ஐந்து முகமும் கோபுரத்தின் அடிவாசலும்தான் விழும். வீதியில் நன்றாகப் பின்னால் போங்கள். தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று ஊரே மார்தட்டும். அண்ணாந்து பார்த்ததும் நீங்களும் தட்டுவீர்கள். இன்னொன்று: பலரும் நினைப்பதுபோல இது ஆண்டாள் சந்நிதியின் கோபுரம் இல்லை. வடபத்ரசாயி கோயிலின் கோபுரம்.

கே: தெருவுக்குத் தெரு பால்கோவா கடை. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– கோவை வாசகி

ப: போர்டைப் பார்க்காமல் அடுப்பைப் பாருங்கள். பாலும் சர்க்கரையும்தான் சரக்கு, மற்றதெல்லாம் கைப்பக்குவம். கொதிக்கிற பாலை அடிப்பிடிக்க விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது சுண்டித் திரண்டு, வெள்ளை மாறி இளம்பழுப்பாகும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள், அந்த வாசம் வருகிற கடையில் வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். நாள்பட வைத்துச் சாப்பிடுகிற பொருள் இல்லை. ஊருக்கெல்லாம் கொடுக்கிறேன் என்று கிலோக்கணக்கில் அள்ளாதீர்கள்.

கே: ராஜபாளையம் மில் ஊர்தானே? அங்கே என்ன இருக்கிறது?
– திருச்சி வாசகர்

ப: 1949-இல் சென்னை மாகாண முதலமைச்சரான பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர். தான் குடியிருந்த வீட்டையே பொதுக்காரியத்துக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். முதலில் அங்கே போங்கள். பிறகு பக்கத்துச் சத்திரப்பட்டி. தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் காதை நிறைக்கும். நெய்வது மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. சின்ன வயதில் உங்கள் முழங்காலில் சுற்றிய கட்டும் இங்கிருந்து வந்ததாக இருக்கலாம். நன்றி சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கே: திரும்பும்போது ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்கலாமா?
– பெங்களூரு வாசகர்

ப: வேண்டாம். 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த நாய் அது, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், ஓட இடம் கேட்கும். பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் இந்த இனத்தில் உண்டு. தீர விசாரித்து, வீட்டில் எல்லோரையும் கேட்டு, தனியாக ஒரு நாள் வந்து வாங்குங்கள்.

கே: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் செண்பகத்தோப்பில் மலை அணில் கண்ணில் படுமா?
– சிவகாசி வாசகி

ப: சாம்பல் நிற மலை அணிலுக்கென்றே 1988-இல் அமைத்த சரணாலயம், 2021-இல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. வனத்துறை அனுமதிக்கிற இடம்வரைதான் போகலாம். மரத்தை விட்டு இறங்காமல் கிளைக்குக் கிளை தாவிப் போகிற ஜீவன். அரட்டையை பஸ்ஸிலேயே முடித்துவிட்டு, மேலே பார்த்து நடங்கள்.

கே: சிங்கப்பூர், பாங்காக் என்று பறக்கிற காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரா?
– திருநெல்வேலி வாசகர்

ப: சிங்கப்பூருக்கும் போங்கள். சிராங்கூன் சாலையில் பூக்கட்டுகிறவர் விரலையும் நின்று பாருங்கள். நின்று பார்க்கத் தெரிந்தவருக்கு எந்த ஊரும் பெரிய ஊர்தான்.

கே: எங்களில் ஒருத்திக்கு மூட்டுவலி. அவளை ரூமில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் சுற்றலாமா?
– தென்காசி வாசகி

ப: எந்த ஊருக்குப் போய் என்ன கேட்கிறீர்கள்! ஆண்டாளின் திருப்பாவை மொத்தம் 30 பாட்டு. அதில் ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை பத்துப் பாட்டும், வராமல் தூங்குகிற தோழிகளை ஒவ்வொரு வீடாகப் போய் எழுப்பத்தான். பொழுது விடிகிறதே, முந்திப் போய்விடலாமே என்று அவள் நினைக்கவில்லை. உங்கள் தோழிக்கு ஒரு ஆட்டோ பிடியுங்கள். அவள் நடையில் நீங்களும் நடங்கள். இரண்டு இடம் குறைந்தால் குறையட்டும்.