நட்சத்திரம் பெற்றோர் நிலை: மாட்டுங்கா உறுப்பினர் டேபிள் குறித்து ஓர் ஆய்வு

மும்பை மாட்டுங்காவில் நான் செயற்குழுவில் இருக்கும் சபா ஒன்றின் (பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது) ஆண்டுப் பொதுக்குழு, கோரம் இல்லாமல் கலைவதையே வழக்கமாகக் கொண்டிருந்தது. உறுப்பினர்களின் அக்கறையின்மையே காரணம் என்பது தலைவர் தரப்பு. கோளாறு உறுப்பினர் பட்டியல் கிடக்கும் ஃபாக்ஸ்புரோ டேபிளில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முன்னாய்வு சுருக்கமாக. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலைபார்த்த வெய்ன் ராட்லிஃப், ஆபீஸ் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க எழுத ஆரம்பித்த புரோகிராம்தான் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளாக வளர்ந்தது. அதன் வம்சம் ஃபாக்ஸ்புரோ. 1992இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2004இல் கடைசிப் பதிப்பு. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. எங்கள் அலுவலகத்துக்கு இச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை. சூதாட்டத்துக்குப் பிறந்த ஒன்றில் சபா சந்தாவை வரவு வைக்கலாமா என்ற ஆசாரக் கேள்விக்குள் நான் போகவில்லை.

இனி மூலம். டேபிள் சேமிக்கப்படும் டிபிஎஃப் கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னால் ஓர் எழுத்துக்கு இடம் உண்டு. சாதாரணமாக அது காலி. இறந்த உறுப்பினருக்கு ‘டிலீட்’ கொடுத்தால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ஆள் போவதில்லை, பெயர், விலாசம், பழைய சந்தா பாக்கி எல்லாம் அப்படியே கிடக்கும். ‘செட் டிலீட்டட் ஆன்’ என்று யாராவது எழுதிவைக்காத வரை, நட்சத்திரம் பெற்றவர்கள் எல்லாப் பட்டியலிலும் வந்து நிற்பார்கள். ரெக்கார்டுகளை எண்ணும் ‘ரெக்கவுண்ட்’டோ எப்படி எழுதினாலும் அவர்களையும் சேர்த்தே எண்ணும். எங்கள் கோரம் கணக்கு அதை நம்பிப் போடப்பட்டது. ஆக, கூட்டம் செல்லுபடியாக, இருப்போர், இறந்தோர் இருசாராரின் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அழைப்பிதழ் மட்டும் இருசாராருக்கும் தவறாமல் போனது. ‘ரீகால் ஆல்’ என்றும் ஒரு கட்டளை உண்டு. அடித்தால் அத்தனை நட்சத்திரமும் உதிர்ந்து எல்லாரும் எழுந்து உட்காருவார்கள். சாவித்திரிக்கு இது தெரிந்திருந்தால் எமனிடம் அவ்வளவு வாதாடியிருக்க மாட்டாள்.

எதிர்மறைக் குறையும் உண்டு. மொத்த ரெக்கார்டு எண்ணிக்கை கோப்பின் தலைப்பகுதியில் தனியாக இருக்கும். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் ஏறினால் எங்கள் வாட்ச்மேன் யாரையும் கேட்காமல் மெயினை அணைத்துவிடுவார். ரெக்கார்டு எழுதி முடிந்து, தலைப்பில் எண் மாறுவதற்குள் கரண்ட் போனால், பணம் கட்டி ரசீதும் வாங்கிய ஆசாமி டேபிளைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை. கூடவே, டேபிளோடு இண்டெக்ஸ் பொருந்தவில்லை என்று ஒரு செய்தி வரும். பழைய இண்டெக்ஸை அழித்துப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. இதில் ஆய்வுக்கு இடமில்லை.

நட்சத்திரம் பெற்றோரை நிரந்தரமாக வழியனுப்ப ‘பேக்’ கொடுக்க வேண்டும். அதற்கு டேபிளை வேறு யாரும் திறந்து வைத்திருக்கக் கூடாது. எங்கள் பொருளாளரோ காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடுவார். தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்க வந்த தம்பி பொறுமையாகத்தான் சொன்னான்.

“சார், கொஞ்சம் டேபிள விட்டு வெளிய வாங்க.”

“நான் பாட்டுக்கு ஓரமா இருந்தா என்னப்பா?”

“நீங்க இருக்கற வரைக்கும் செத்தவங்களும் இருப்பாங்க சார்.”

பொருளாளர் காபிக்கு எழுந்த இடைவெளியில் ‘பேக்’ நடந்தேறியது. மறுவாரமே செம்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். காலமான கணவரின் மெம்பர் நம்பரில்தான் அவருக்கு வருஷா வருஷம் கச்சேரி டிக்கெட்டில் தள்ளுபடி. ‘பேக்’ ஆனபின் ‘ரீகால்’ பலிக்காது. பழைய பேக்கப் வேண்டும். அது இருக்கும் பென் டிரைவ், பத்திரம் கருதி, பொருளாளர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் குங்குமம் வைக்கிறார்களாம், கம்ப்யூட்டரில் சொருகும் முனையிலேயே.