ஒன்பது மாதத்தில் கிழத்தனமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு ஒன்பது மாதந்தான் ஆகிறது, காலையில் பின்னங்கால்கள் விறைத்து, தாத்தாவைப் போல் தள்ளாடி எழுகிறது. கால்சியம் மருந்தை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வளரும் பருவத்தில் இடுப்புக்குழியும் தொடையெலும்பின் பந்தும் ஒன்றோடொன்று பொருந்தாமற்போகும் வம்சதோஷம் இவ்வினத்தில் சகஜம். மிகையான கால்சியம் அதை வளர்க்குமேயன்றித் தீர்க்காது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுட்காலம் முழுவதும் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தத்தம் ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாக உண்டவை, மூட்டுவாதம் தாமதித்தே தலைகாட்ட, ஏறக்குறைய இரண்டாண்டுகள் அதிகமாக வாழ்ந்தன என்பதால், பிரியத்தின் மிகுதியால் நீங்கள் ஊட்டும் மூன்றாவது இட்லி அதன் இடுப்பின் மேல்தான் உட்காருகிறது என்று கொள்ளுங்கள். விலாவெலும்பு கண்ணுக்கு மறைந்தாலும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். வழுக்கும் தரையில் சணற்சாக்கை விரியுங்கள். மாடிப்படியும் பந்துக்குத் தாவுவதும் வேண்டாம். சிறுசிறு நடையும், வசதியிருந்தால் நீச்சலும் உத்தமம். வீட்டிலுள்ள இபுபுரூஃபன் மாத்திரையை மட்டும் தயைகூர்ந்து கொடுத்துவிடாதீர்கள். மனிதனுக்கு ஔஷதமான அது நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் நாசமாக்கும். நொண்டுதலுக்கு வேறு காரணங்களும் உண்டாகையால், இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.