துருவே காவல்

கேள்வி: வயலில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் துருப்பிடித்த கம்பிபோல் செம்பழுப்பு. நோயா?

பதில்: நோயல்ல, கவசம்! தண்ணீர் தேங்கிய சேற்றில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். அப்போது நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள இரும்பைக் கரைத்துவிடும்; அது மிஞ்சினால் பயிருக்கு நஞ்சு. அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்துகொள்ளும். நெல் சும்மா இருக்குமா? மேலிருந்து ஆக்ஸிஜனைத் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே இறக்கி, வேர்நுனியைச் சுற்றிக் கசியவிடுகிறது. கரைந்த இரும்பு வேரின்மேலேயே துருவாகப் படிகிறது. சைக்கிளுக்குத் துரு எமன், நெல்லுக்கோ காவல்காரன்!

வேர் கறுத்து நாற்றமடித்தால்தான் கவலை. தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வேருக்கும் மூச்சு வரும்.